அம்மா கேமராவுக்குத் துண்டு போட்ட கதை

போன வாரம் ஒருநாள் ராத்திரி ஒன்றரை மணிக்கு முழிப்பு வந்தது. வழக்கம்போலத் தலைமாட்டில் கிடந்த போனை எடுத்து ஆப்பைத் திறந்தேன். வாசல் கேமரா சரி. பின்வாசல் கேமரா சரி. பட்டாசல், அதாவது கூடத்துக் கேமராவில் மட்டும் ஒன்றுமே தெரியவில்லை. ஆஃப்லைன் என்றும் காட்டவில்லை, படம் ஓடுகிறது, ஆனால் திரை முழுக்க ஒரே சாம்பல் நிறம். கண்ணைக் கசக்கிக்கொண்டு உற்றுப் பார்த்தபிறகுதான் அது துணி என்று புரிந்தது. கட்டம் போட்ட துண்டு, அப்பா தோளில் போட்டுக்கொண்டிருந்த பழைய துண்டு.

காலையில் போன் போட்டுக் கேட்டேன். "ஆமா, நாந்தான் போட்டேன். ராத்திரி பூரா செவப்பா மினுங்குது, தூக்கம் வரமாட்டேங்கு" என்றார் அம்மா. அதோடு விட்டிருக்கலாம். "ஒனக்கும் தூக்கம் வரமாட்டேங்குன்னு ஒம் பொண்டாட்டி சொன்னா" என்று சேர்த்துக்கொண்டார்.

எங்கள் ஊர் ஏரலுக்குப் பக்கம். நான் இருப்பது பாளையங்கோட்டையில். நடுவில் ஒரு 40 கிலோமீட்டர் இருக்கும், அவ்வளவுதான். அப்பா போனபிறகு அம்மா அங்கே தனியாக இருக்கிறார், வரச்சொன்னால் வரமாட்டார். "ஞாயித்துக்கெழம கோயில் மணி கேக்காம நான் எப்படிப் பொழுதக் கழிக்க" என்பார். கோயில் என்றால் எங்கள் பக்கத்தில் சர்ச். பாளையங்கோட்டையில் கோயிலுக்குப் பஞ்சமா, ஊசிக்கோபுரம் என்கிற பெரிய சர்ச் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் தெரியும் என்று சொல்லிப் பார்த்தாயிற்று. அது அவருடைய மணி இல்லையாம்.

சரி, வராவிட்டால் என்ன, நான் ஒரு ஏற்பாடு செய்தேன். எனக்குத் தொழில் கணக்கு. வருஷம் முழுக்கக் கடைக்காரர்களுக்கு ஜிஎஸ்டி தாக்கல் செய்து கொடுப்பதால் எதைப் பார்த்தாலும் எனக்குக் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். அம்மாவுக்கும் ஒரு எக்செல் ஷீட் போட்டேன். ஒரு பத்தியில் மாத்திரைகள், எது எந்தத் தேதியில் தீரும் என்று. ஒரு பத்தியில் அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய ஆட்கள், ஆட்டோக்காரர், கரண்ட்காரர், எதிர்வீட்டு அண்ணாச்சி. இன்வெர்ட்டர், இரண்டு கம்பெனி சிம் போட்ட போன், காலை மதியம் ராத்திரி என்று அறை பிரித்த மாத்திரை டப்பா, மூன்று கேமரா. எல்லாம் முடித்த அன்றைக்கு எனக்குள் வந்த நிம்மதி இருக்கிறதே, அதை நான் விசுவாசத்தினால் வந்த சமாதானம் என்று நினைத்துக்கொண்டேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும், சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. என்னிடம் ஜெபக்குறிப்பு எழுதுகிற நோட்டு ஒன்று உண்டு. அதில் தம்பியின் வெளிநாட்டு வேலை இருந்தது, மகளின் படிப்பு இருந்தது, சபையில் நடந்துகொண்டிருந்த ஒரு சண்டைகூட இருந்தது. அம்மா பெயர் இல்லை. வேண்டுமென்று விடவில்லை. அந்த வேலைதான் முடிந்துவிட்டதே! என்னால் முடிந்ததை நான் பார்த்துக்கொள்கிறேன், முடியாததை நீர் பாரும் ஆண்டவரே என்று, வாய்விட்டுச் சொல்லாமலே, நான் அவரோடு ஒரு பாகப்பிரிவினை செய்து வைத்திருந்தேன். கைக்கு எட்டியதெல்லாம் என் பங்கு. மீதி அவருடையது. வருஷா வருஷம் என் சம்பாத்தியம் கூடக் கூட அவர் பங்கு குறைந்துகொண்டே வந்தது.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு மார்கழி ஒன்று. விடியும்போதே மழை. பதினொரு மணிக்குப் போனில் பேசியபோது, கோயிலில் பத்து பேர்கூட இல்லை, ஐயரே (எங்கள் சபைப் பாதிரியார்) நனைந்துகொண்டுதான் வந்தார் என்று அம்மா சிரித்தார். சாயங்காலம் கரண்ட் போனது, இன்வெர்ட்டர் ஓடியது, நான் என் கெட்டிக்காரத்தனத்தை மெச்சிக்கொண்டேன். ராத்திரி பத்தரை மணிக்கு வாசல் கேமராவில் பார்க்கிறேன், தெரு இல்லை. கறுப்பு வெள்ளைப் படத்தில் தண்ணீர் பளபளவென்று ஓடுகிறது, வாசலில் மூன்று படியில் இரண்டு தெரியவில்லை. மேல்படியில் ஒரு தவளை உட்கார்ந்திருக்கிறது. போன் அடித்தால் எடுக்கவில்லை. திரும்பவும் ஆப்பைத் திறந்தேன். தவளை அப்படியே இருந்தது. பத்து நாற்பதுக்குப் படம் நின்றது, மூன்று கேமராவும் ஆஃப்லைன். அந்தத் தவளைதான் மூன்று நாளைக்கு எனக்கு ஊரைப் பற்றிக் கிடைத்த கடைசித் தகவல்.

அந்த வெள்ளத்தைப் பற்றி இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. திருச்செந்தூரில் இருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனிலேயே நின்றுபோய் அதில் 800 பேர் வரை மாட்டிக்கொண்டார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு அரிசியைப் போட்டுப் பொங்கிக் கொடுத்துத்தான் அவர்கள் சாப்பிட்டார்கள். இங்கே திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் படகு போனது. கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீசுக்குள்ளேயே தண்ணீர்.

திங்கட்கிழமை காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். செய்துங்கநல்லூர் தாண்டிக் கொஞ்சதூரம், ரோட்டைக் காணவில்லை. போலீஸ்காரர் ஒருவர் தலையில் பாலிதீன் பையைக் கட்டிக்கொண்டு நின்றார். "அம்மா தனியா இருக்காங்க சார்" என்றேன். "எங்க அம்மாவும் அந்தப் பக்கந்தாம்யா இருக்கு" என்றார். பைக்கைத் திருப்பினேன்.

வீட்டில் வந்து ஜெபம் பண்ண முழங்கால் போட்டால், ஜெபம் வரவில்லை. எக்செல்தான் வருகிறது. ஆட்டோக்காரர், போன் போகவில்லை. அண்ணாச்சி, போகவில்லை. இன்வெர்ட்டர் தரையில் இருந்து எவ்வளவு உயரம், மாத்திரை டப்பா எந்த அலமாரியில். ஆண்டவரே என்று ஆரம்பித்து, இரண்டாவது வரியில் அவருக்கே யோசனை சொல்லத் தொடங்கிவிடுகிறேன், தண்ணீரை இந்த வழியாகத் திருப்பும், அண்ணாச்சியை இத்தனை மணிக்கு எழுப்பும் என்று. கடைக்காரருக்குப் பைலை நீட்டி "இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்க" என்கிற மாதிரிதான் நான் இத்தனை வருஷம் ஜெபித்திருக்கிறேன் என்று அன்றைக்கு உறைத்தது. அவர் கையெழுத்துப் போட என்னிடம் பைலே இல்லாதபோது பேச ஒன்றுமில்லை.

பவுல் கொரிந்தியருக்கு எழுதின இரண்டாம் நிருபத்தின் முதல் அதிகாரத்தை எத்தனை தடவை வாசித்திருப்பேன். ஆசியாவில் தங்களுக்கு நேரிட்ட உபத்திரவத்தைச் சொல்லுகிறார், பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போகும்படி பலத்துக்கு மிஞ்சின பாரம் என்கிறார். அது எதற்காக வந்தது என்றும் சொல்லுகிறார்: "நாங்கள் எங்கள்மேல் நம்பிக்கையாயிராமல், மரித்தோரை எழுப்புகிற தேவன்மேல் நம்பிக்கையாயிருக்கத்தக்கதாக." அந்த வசனத்தை நான் எப்போதும் எங்களை மாதிரி ஆட்களுக்குப் பவுல் சொல்லும் புத்திமதியாக வாசித்திருந்தேன். அன்றைக்குத்தான் பார்த்தேன், அவர் தன்னைப் பற்றிச் சொல்லுகிறார். அத்தனை சபைகளை நாட்டின, அடியும் சிறையும் பார்த்த மனுஷனுக்குத் தன்மேல் சாய்கிற பழக்கம் அதுவரைக்கும் முழுதாகப் போகவில்லை. அதைப் படித்ததும் எனக்கு ஆறுதலாக இருந்ததா, பயமாக இருந்ததா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

இன்னொன்றும் அந்த மூன்று நாளில்தான் மனதில் பட்டது. பேதுரு கடலில் நடந்துபோய் அமிழ்ந்துபோகிற இடம். பேதுருவுக்கு நீச்சல் தெரியும்! யோவான் சுவிசேஷத்தின் கடைசி அதிகாரத்தில் படகு கரைக்கு வரும்வரை பொறுக்காமல் கடலில் குதித்தவர் இதே பேதுருதான். அந்தக் கடலிலேயே பிழைப்பு நடத்தின ஆள். ஆனால் காற்று பலமாய் இருக்கிறதைக் கண்டு அமிழ்ந்தபோது கையைக் காலை அடித்தார் என்று எழுதியிருக்கவில்லை, "ஆண்டவரே, என்னை இரட்சியும்" என்று கூப்பிட்டார் என்றுதான் இருக்கிறது. தெரிந்த நீச்சல் அன்றைக்கு உதவவில்லை, அல்லது உதவாது என்று அவருக்கே தெரிந்துவிட்டது. நான் அந்த நிமிஷத்தில்கூட எத்தனை அடி ஆழம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன்.

இப்படிச் சொல்லும்போது சிலபேர் வேறு பக்கமாகப் போய்விடுகிறார்கள், அவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. ஆசா ராஜா தன் வியாதியில் கர்த்தரைத் தேடாமல் பரிகாரிகளைத் தேடினான் என்ற வசனத்தைப் பிடித்துக்கொண்டு, சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்ட ஒரு சொந்தக்காரரை எனக்குத் தெரியும். காலில் ஒரு விரல் போனபிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். ஆசாவின் தப்பு வைத்தியரிடம் போனது இல்லை, வைத்தியர்களிடம் மட்டும் போனது. எங்கள் தாத்தா பனையேறி. பாளை சீவுகிற காலத்தில் ஒருநாளைக்கு முப்பது மரத்துக்கு மேல் ஏறி இறங்குவாராம். விடியக்காலம் முதல் மரத்தடியில் நின்று மரத்தில் கையை வைத்துக் கண்ணை மூடி ஒரு நிமிஷம் நிற்பார், அதன்பிறகு காலில் மாட்டுகிற தளைநாரை இரண்டு கையாலும் முறுக்கி இழுத்துப் பார்ப்பார் என்று அப்பா சொல்லியிருக்கிறார். ஜெபம் பண்ணியாச்சே, அப்புறம் எதற்கு இழுத்துப் பார்க்கிறீர்கள் என்று சின்ன வயசில் அப்பா கேட்டாராம். "தளைநாரப் பாக்காம ஏறுதவன் விசுவாசி இல்லடே, கோட்டிக்காரன்" என்றாராம் தாத்தா, பைத்தியக்காரன் என்று. அதே தாத்தா, நார் நல்லா இருக்கிறதே என்று ஒருநாளும் கண்ணை மூடாமல் ஏறியதும் இல்லை. நான் தளைநாரை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டேன்.

புதன்கிழமை மதியத்துக்கு மேல் ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். கொஞ்சதூரம் லாரி, கொஞ்சதூரம் டிராக்டர், மீதி நடை. முழங்கால்வரை சேறு. தெருவுக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது எங்கள் வீட்டு வாசல் கேமரா, வயரில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் நெஞ்சுயரத்துக்குத் தண்ணீர் நின்ற கறை. இன்வெர்ட்டர் சேற்றில் புதைந்து கிடந்தது. அம்மா எதிர்வீட்டு மாடியில் உட்கார்ந்து யாரோ ஒரு பிள்ளைக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் "செருப்ப அங்கயே போட்டுட்டு ஏறுய்யா, மாடியக் கழுவ தண்ணி இல்ல" என்றார். ஊரெல்லாம் தண்ணீர், மாடி கழுவத் தண்ணீர் இல்லை.

நடந்தது இதுதான். ஞாயிறு ராத்திரி தண்ணீர் கடைசிப் படி ஏறியதும் அண்ணாச்சி மகன் வந்து கதவைத் தட்டியிருக்கிறான். அம்மா எடுத்தது மூன்று சாமான்: வேதாகமம், பேங்க் பாஸ்புக், ஒரு எவர்சில்வர் டிரம். மாத்திரை டப்பாவை மறந்துவிட்டார். டிரம்மில் இருந்தது பிடி அரிசி. எங்கள் பக்கத்துச் சபைகளில் தெரிந்த வழக்கந்தான், உலையில் போட அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து ஆண்டவருக்கென்று தனியாகப் போட்டு வைப்பார்கள், சேர்ந்ததும் கோயிலில் காணிக்கையாகக் கொடுப்பார்கள். அம்மா இரண்டு மூன்று மாதமாகக் கொண்டுபோகாமல் ஏழெட்டுக் கிலோ சேர்ந்து கிடந்திருக்கிறது. இடுப்பளவு தண்ணீரில் அதைத் தலையில் தூக்கி வந்த அண்ணாச்சி மகன், "பெரியம்மா, இந்த நேரத்துல அரிசி ஒரு கேடா" என்று திட்டிக்கொண்டே வந்தானாம். அம்மா, "எஞ் சாமான் போனா போகட்டும், அது கோயில் அரிசில்லா, நனைஞ்சா கணக்குச் சொல்லணும்" என்றாராம்.

மறுநாள் அந்த மாடியில் பதினாலு பேர். அண்ணாச்சி வீட்டில் கீழே இருந்த அரிசி மூட்டை நனைந்து நாறிவிட்டது. மாடியில் ஒரு கேஸ் அடுப்பு இருந்தது, மழைத்தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தார்கள். மூன்று நாளைக்குக் கோயில் அரிசிதான் கஞ்சி. மார்கழிக் கோலம் போடுகிற அண்ணாச்சி வீட்டு மைனிதான் உலை வைத்ததாம், அம்மா அளந்து போட்டிருக்கிறார். அப்போதும் ஒவ்வொரு வேளையும் ஒரு கைப்பிடியைத் தனியாக எடுத்து வைத்தார் என்று மைனி சொல்லிச் சிரித்தது.

"பயமா இல்லியாம்மா?" என்று கேட்டேன். "பயப்படாம எப்படிடே இருக்க முடியும். பயந்துக்கிட்டேதான் ஜெபம் பண்ணுனேன், நடுவுல கொஞ்சம் தூங்கியுட்டேன்" என்றார். நான் மூன்று ராத்திரி தூங்கவில்லை. தண்ணீருக்கு நடுவில் இருந்தவர் தூங்கியிருக்கிறார்.

இதைக் கோயிலில் சாட்சியாகச் சொல்லச் சொன்னார்கள். நான் சொல்லவில்லை. ஆற்றங்கரை ஓரம் வீடு இடிந்தவர்கள் இருக்கிறார்கள், ஆடுமாடு போனவர்கள், ஆளையே பறிகொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு விசுவாசம் குறைவு, எங்களுக்குக் கூடுதல் என்று யாராவது என் வாயிலிருந்து எடுத்துக்கொண்டால் நான் என்ன செய்ய? அம்மா தப்பித்ததற்கு ஸ்தோத்திரம். அம்மா தப்பிக்காமல் போயிருந்தாலும் பவுல் எழுதின வசனம் அங்கேயேதான் இருந்திருக்கும், மரித்தோரை எழுப்புகிற தேவன் என்றுதானே அவர் எழுதியிருக்கிறார், மரிக்கவிடாத தேவன் என்று எழுதவில்லை. இதை எழுதுவது எளிது என்பதும் எனக்குத் தெரியும்.

அரிசிக் கதையை ஐயரிடம் அம்மாவே போய்ச் சொல்லி, தின்ற அரிசிக்குப் பதில் அளந்து கொடுக்கிறேன் என்றிருக்கிறார். தாவீது பசியில், ஆசாரியர்கள் மட்டுமே தின்ன வேண்டிய சமுகத்தப்பத்தைத் தின்றதை எடுத்துச் சொல்லி, வேண்டாம் என்றிருக்கிறார் ஐயர். அம்மா விடவில்லை. பொங்கல் கழிந்து எட்டுக் கிலோ வாங்கிக் கொடுத்துவிட்டார். அதை ஆராதனை முடிந்து ஏலம் விட்டபோது எடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள், அண்ணாச்சி மகன்.

போன வருஷம் களக்காடு பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போன வழியில் டோனாவூருக்குள் போய் வந்தேன். மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1901-இல் அங்கே குடியேறினவர், பிள்ளைகளுக்கென்று ஒரு பெரிய குடும்பத்தையே அங்கே உண்டாக்கினவர், பணத்துக்காக மனுஷரிடம் கைநீட்டுவதில்லை என்று கடைசிவரை இருந்தவர். அந்தக் கதையைச் சின்ன வயசில் இருந்து கேட்டிருக்கிறேன். ஆனால் இந்தத் தடவை என் மனதில் நின்றது வேறு. 1931-இல் கீழே விழுந்து அடிபட்டபிறகு, 1951-இல் இறக்கும்வரை ஏறக்குறைய 20 வருஷம் பெரும்பாலும் அறைக்குள்ளேயே, படுக்கையிலேயே இருந்தார். ஓடி ஓடிப் பார்த்த வேலை எல்லாம் வெளியே அவர் இல்லாமல் நடக்கிறது. பணம் கேட்காமல் இருப்பதைவிட இது கஷ்டம் என்று எனக்குத் தோன்றியது. நான் இல்லாவிட்டால் ஒன்றும் ஓடாது என்கிற நினைப்பை 20 வருஷம், தினமும் காலையில் கண்விழித்ததும் கீழே வைக்க வேண்டும்.

நான் என்ன செய்தேன்? ஜனவரி முடிவதற்குள் புதுக் கேமரா வாங்கி மாட்டினேன், இந்தத் தடவை உயரத்தில், தனி பேட்டரியோடு. இன்வெர்ட்டரைப் பரணில் ஏற்றினேன். எக்செல்லில் ஒரு பத்தி கூடுதலாகச் சேர்த்தேன், வெள்ளம் என்று. இதெல்லாம் தளைநார் பார்ப்பது, தப்பில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஜெப நோட்டில் முதல் பக்கத்தில் அம்மா பெயரை எழுதினேன். ஆனால் ராத்திரி ஒன்றரை மணிக்கு எழுந்து பார்க்கிறேனே, அது எந்தக் கணக்கில் வரும்? இஸ்ரவேலைக் காக்கிறவர் உறங்குவதுமில்லை தூங்குவதுமில்லை என்ற சங்கீதத்தைத் தினமும் சாயங்கால ஜெபத்தில் வாய் சொல்லுகிறது. ஒன்றரை மணிக்கு நான் முறை மாற்ற வந்த வாட்ச்மேன் மாதிரி எழுந்து உட்காருகிறேன்.

துண்டை எடுக்கச் சொல்லி இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். "பாக்கலாம்" என்றார். அம்மா அகராதியில் அதற்கு முடியாது என்று அர்த்தம்.

நேற்று ராத்திரியும் ஆப்பைத் திறந்தேன். துண்டு ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. கீழ் மூலையில் கட்டில் காலும், அம்மாவின் ரப்பர் செருப்பு ஒன்றும் தெரிந்தன. ஒன்று மட்டும். இன்னொன்று எங்கே என்று தேடிக் கொஞ்சநேரம் பார்த்தேன், துண்டுக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்தேன். தூக்கம் வர மூன்று மணி ஆனது.